உடைக்காமல் வைத்த பூசணிக்காய்

வண்டியைச் சுற்றும்போது நாலரைக் கிலோவாக இருந்த பூசணிக்காய், பெண்டாட்டியைச் சுற்றும்போது கனக்க ஆரம்பித்தது. ஜெயவேலு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து பட்டினி, பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாதென்று அவனாகப் போட்டுக்கொண்ட சட்டம், கை தளர்ந்திருக்கும் என்று நினைத்தான். முதல் சுற்றில் லேசாகத் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் தோள்பட்டை வலித்தது. மூன்றாவது சுற்று முடிந்து காயை மார்போடு இறக்கியபோது, காற்று ஏரிப் பக்கமிருந்து தெருவுக்கு அடித்துக்கொண்டிருக்க, காயின் மேல் எரிந்த கற்பூரச் சுடர் மட்டும் எதிர்ப் பக்கமாக, தனத்தின் வயிற்றைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

ஆயுத பூஜை அன்றைக்குப் பீர்க்கன்கரணையில் சந்தனப் பொட்டுக்குத் தப்பிய சாமான் கிடையாது. பல் டாக்டர் தன் குறட்டுக்கு மாலை போட்டிருந்தார். மளிகைக் கடைக்காரர் தராசுக்குக் குங்குமம் இட்டு, இரண்டு கன்னத்திலும் பலமாகப் போட்டுக்கொண்டார். அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஜெயவேலு வீட்டுக்கு எதிரே டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த யேசுதாசன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் வேலை செய்கிற பையன்கள் விடமாட்டார்கள் என்பதால் கம்பிரஸரைக் கழுவிப் பட்டை போட அனுமதித்துவிட்டு, பத்திர ஆபீசில் சாட்சி போட வந்தவன்போல வாசலில் தள்ளி நின்றுகொண்டிருப்பான்.

ஜெயவேலுவிடம் இருந்தது ஒரு வெள்ளை சுமோ. பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேலை. ஆனால் அந்த வருஷம் அவன் சாமியிடம் வண்டிக்காக ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இது மூன்றாவது, ஏழு மாதத்தைத் தாண்டி, உதைத்துக்கொண்டு, புரண்டுகொண்டு, ராத்திரி தனத்தைத் தூங்கவிடாமல் நன்றாகவே இருந்தது. போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நாற்பது பெண்கள் வந்து, வளையல் போட்டு, கலந்த சாதம் சாப்பிட்டுப் போனார்கள். அத்தனை கண்ணும் வயிற்றின்மேலேயே இருந்தது என்று தனம் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவன் காயோடு வாசலுக்கு வந்தபோது அவளும் பின்னாலேயே வந்து வண்டியின் பம்பரை ஒட்டி நின்று, "எனக்கும் சேத்து சுத்திடுங்க" என்றாள்.

மனுஷருக்குச் சுற்றுவது உப்பு மிளகாய். பூசணிக்காய் வண்டிக்கும் கடைக்கும் வீட்டுக்கும். வயிற்றுப்பிள்ளைக்காரி பூசணிக்காய் உடைக்கிற இடத்தில் நிற்கவே கூடாது. இதெல்லாம் ஜெயவேலுவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் யோசித்துச் செய்கிற ஆள். சுற்றுவது வேறு, உடைப்பது வேறு. சுற்றி முடித்ததும் அவளை உள்ளே அனுப்பிவிட்டுத் தெருமுனையில் போய் உடைத்தால் தோஷமில்லை என்று கணக்காக யோசித்தான். யோசிக்காமல் செய்திருந்தால்கூட இவ்வளவு தூரம் போயிருக்காது.

தெருமுனை மின்சாரப் பெட்டிக்குக் கீழே ஏழெட்டுக் காய்கள் ஏற்கெனவே சிதறிக் கிடந்தன. வெள்ளைச் சதையில் குங்குமம் ஊறி, பச்சை வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து, மிதிபட்ட விதைகள் தார் ரோட்டில் பல் பல்லாக ஒட்டியிருந்தன. ஆட்டோ ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்கு நடுவே ஒரு இடைவெளி. அந்த நேரத்தில்தான் ஜெயவேலு காயைத் தலைக்குமேல் தூக்கினான். தூக்கும்போது காய் காதை உரசிற்று. கை அப்படியே நின்றது.

உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் குரோம்பேட்டையில் ஸ்கேன் எடுக்கப் போனபோது, திரைக்குப் பின்னால் அந்த மிஷினில் டாக்டரம்மா ஒரு பொத்தானைத் திருப்பி அவனுக்குக் கேட்கவைத்த சத்தம் அது. ஈர மண்ணில் ஒரு குட்டிக் குதிரை விடாமல் ஓடுகிற மாதிரி. அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, பார்க்கிங்கில் சுமோவின் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதிருந்தான். மறக்கிற சத்தமில்லை. காயை மெல்ல இறக்கி, ஒரு கையை அடியில் கொடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டான்.

யேசுதாசன் ஷெட் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, ஒடைக்கச் சொன்னா கொயந்தையாட்டம் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிற?"

ஜெயவேலு ஏதோ சொன்னான். இங்கே உடைத்தால் பைக்குக்காரன் எவனாவது வழுக்கி விழுவான், ஏரிக்கரையில் போய் உடைக்கப் போகிறேன் என்றான். நல்ல யோசனை, எல்லாரும் அப்படிச் செய்தால் தனக்கு வேலை குறைந்துவிடும் என்று யேசுதாசன் சிரித்தான்.

சுற்றிய காய் திரும்ப வாசற்படி ஏறக் கூடாது. எனவே சுமோவின் நடு சீட்டில் துண்டைச் சும்மாடுபோலச் சுருட்டி, அதன்மேல் காயை வைத்தான். மூடிய கண்ணாடியை விரல்கடை அளவு இறக்கிவிட்டான். காற்று வேண்டுமே என்று. யாருக்கு என்று அப்போது அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கால் கழுவிக்கொண்டு உள்ளே போனபோதுதான் கேட்டுக்கொண்டான்.

தனம் கட்டிலில் சாய்ந்து, மடியில் பொரிகடலைத் தட்டோடு இருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவ்வளவு தெளிவாக அவன் பார்க்கவில்லை.

"நல்லா சுத்திப் போட்டீங்க" என்றாள். "அப்போலேருந்து ஒரு அசைவு இல்ல. கண்ணு கழிஞ்சுடுச்சு, அசந்து தூங்குது."

அவன் வயிற்றின்மேல் கையை வைத்தான். புடவைக்குக் கீழே வயிறு இருந்தது. வழக்கமாகக் கை வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு முட்டு வரும், யாரது என்று கேட்பதுபோல. இப்போது ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது. கையை எடுக்காமல் நூறு எண்ணினான். பிறகு இன்னொரு நூறு. தனம் பொரியை மென்றுகொண்டிருந்தாள்.

யேசுதாசனின் மனைவி அருள்மேரி ஆஸ்பத்திரி நர்ஸ். பிரசவ வார்டிலேயே பன்னிரண்டு வருஷம். ஜெயவேலு கூப்பிட்டதும் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தாள். தனத்தை மல்லாத்திப் படுக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தொப்புளுக்குக் கீழே வைத்துக் கேட்டாள். இடது பக்கம் நகர்த்தினாள். வலது பக்கம். விலாவுக்குக் கீழே. மறுபடி இடது பக்கம். பேச்சு பாதியில் நின்றுபோனது அவளுக்கே தெரியவில்லை. ஒன்பது இடம். ஜெயவேலு எண்ணிக்கொண்டு நின்றான். அவள் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. வார்டில் பன்னிரண்டு வருஷம் பழகிய சிரிப்பு.

"டிராஃபிக் சத்தத்துல சரியா கேக்கல, தனம். காலைல மொத ஆளா ஆஸ்பத்திரிக்கு வந்துடு, மிஷின்ல பாத்துக்கலாம்."

அன்றைக்கு ஆயுத பூஜை. தெருவில் இருந்த அத்தனை வண்டியும் மாலை போட்டுக்கொண்டு நின்றிருந்தன. ஜி.எஸ்.டி. ரோடுகூடச் சத்தமில்லாமல் கிடந்தது.

வாசலுக்கு வந்ததும் அருள்மேரி அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் சுமோவின் நடுக்கதவைத் திறந்துவிட்டான். குங்குமம் வழிந்த அந்த வெள்ளைக் காயைக் காட்டி, இதிலும் ஒரு தடவை வைத்துப் பார் என்றான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குடித்திருக்கிறானா, இல்லை விஷயம் புரிந்து புத்தி கலங்கிவிட்டதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவானாலும் மறுப்பது நல்லதில்லை என்று குனிந்து வைத்தாள். ஸ்டெதாஸ்கோப் வைத்த இடத்திலேயே நின்றது. நகர்த்த வேண்டியிருக்கவில்லை. இடது கை தானாகத் திரும்ப, கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணினாள். பழக்கதோஷம்.

"நூத்தி நாப்பத்திநாலு" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. காதிலிருந்து கழற்றினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டெதாஸ்கோப்பை சீட்டிலேயே விட்டுவிட்டு, செருப்பு ஒன்று கழன்றதைக்கூடத் திரும்பி எடுக்காமல் ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுற்றியதால் வந்தது, திருப்பிச் சுற்றினால் போகும். இதைத் தவிர ஜெயவேலுவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. காய் உள்ளே போகக் கூடாது, ஆனால் தனம் வெளியே வரலாமே. ஒரு சுற்று விட்டுப்போனது என்று சொல்லி அவளை வாசலுக்குக் கூட்டிவந்தான். இருட்டத் தொடங்கியிருந்தது, பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ஒரு எலக்ட்ரிக் ட்ரெயின் நின்று கிளம்பியது. காயை இரண்டு கையிலும் ஏந்தி, காதை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, எதிர்த்திசையில் அவளைச் சுற்றினான்.

முதல் சுற்று. குதிரை கொஞ்சம் மெதுவாக ஓடியது.

திரும்பிப் போகிறது என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது சுற்று. ஓட்டம் நடையானது. மூன்றாவது சுற்றைப் பாதியில் நிறுத்தினான். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவன் மூச்சை இழுத்து விட முடிந்தது. மறுபடி இழுத்து விட முடிந்தது. சட்டென்று திரும்பி, வந்த வழியே, சரியான பக்கமாக, ஓடாத குறையாக அவளைச் சுற்றினான். அடி ஒன்று. அடி இரண்டு. பிறகுதான் ஓட்டம் பிடித்தது.

அப்படிச் சுற்றி வந்தவன் அவளுக்கு நேரெதிரே நின்றுவிட்டான். காய் அவள் மார்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தனம் குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஏழு மாதத்தில். பால் வாடை காற்றில் தெளிவாக வந்தது.

"அதுல என்னங்க இருக்கு?"

 அவள் கையை நீட்டிக் காயின்மேல் வைத்தாள். சாம்பல் பூத்த தோலில் அவள் விரல்கள் பதிந்தன. அப்புறம் மற்றக் கையால் தன் வயிற்றைத் தொட்டாள். இரண்டு கையும் இரண்டு இடத்தில் இருக்க, வெகுநேரம் நின்றாள்.

"இது சூடா இருக்குங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. உள்ளே போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தாள். ஜெயவேலு ராத்திரி முழுக்க வண்டியில் காயோடு இருந்தான்.

விடிவதற்கு முன்பு ஏரிக்கரை அம்மன் கோயில் பூசாரி நடை திறக்க வந்தார். ஜெயவேலு வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, அவரிடம் யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுப் பார்த்தான். சுற்றிய காயை உடைத்துவிட வேண்டும், அதற்குள் இறங்கியது அதோடு போய்விடும், அதற்குத்தானே சுற்றுவது என்றார் பூசாரி. உடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு அவர் சாவியைப் பூட்டில் வைத்தபடி கொஞ்சம் யோசித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் உடைக்காமல் வைத்துக்கொண்டதில்லை, அதனால் தெரியாது என்றார். திருஷ்டியை எவனாவது வைத்துக்கொள்வானா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி.

ஆஸ்பத்திரியில் மிஷின் பொத்தானைத் திருப்பினார்கள். கடல் இரைச்சல் மாதிரி ஒன்று வந்தது, வேறொன்றும் வரவில்லை. டாக்டரம்மா நல்ல மனுஷி. அவன் தோளைத் தொட்டு, காரணம் சொல்ல முடியாது, சில சமயம் இப்படி நின்றுவிடும் என்றார். மருந்து கொடுத்து வலி வரவைத்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் தாய்க்கு ஆபத்து என்றார். காகிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். தனத்தைத் தள்ளுநாற்காலியில் வைத்துப் பிரசவ வார்டுக்குத் தள்ளிப் போனார்கள். கதவருகே அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்தான்.

"அத ஒடைச்சிராதீங்க."

"இல்ல."

"வெயில்ல வச்சிராதீங்க."

கதவு மூடிக்கொண்டது.

விஜயதசமி வெயில் பளீரென்று அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் சுமோவை நிறுத்தி, நடு சீட்டில் உட்கார்ந்து, காயை மடியில் வைத்துக்கொண்டான் ஜெயவேலு. நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்தினான். வளைகாப்புக்குப் போட்ட கணக்குப்படி பார்த்தால் பிரசவத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. பூசணிக்காயைத் தோலில் கீறல் விழாமல் பரணில் வைத்தால் ஒரு வருஷம்கூட இருக்கும், அதில் அதிசயமில்லை. ஆனால் காம்புப் பக்கம் வட்டமாக வெட்டி, சதையைத் தோண்டி, குங்குமமும் சில்லறையும் போட்டு மூடி வைத்த காய் மூன்று நாள் தாங்காது. வெட்டியது அவன்தான். தோண்டும்போது கத்தியை உள்ளே விட்டு இரண்டு தடவை சுழற்றியதும் அவன்தான். அப்போது உள்ளே ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுற்றுவதற்கு முன்பு அது வெறும் காய். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் வாடை வந்துவிட்டது. முதலில் புளித்த வாடை, கஞ்சித் தொட்டி மாதிரி. அப்புறம் அதற்கடியில் இன்னொன்று, இனிப்பாக. ஈக்கள் எங்கிருந்தோ வந்தன. கண்ணாடியை ஏற்றினான். புழுங்கியது. இறக்கினான். ஈக்கள். துண்டால் விசிறிக்கொண்டே காதை வைத்துக் கேட்டான். ஓடுகிறது. காலையில் இருந்ததைவிட வேகமாக ஓடுகிறது. எதற்கோ பயந்து ஓடுகிற மாதிரி.

அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். கெட்டி. கெட்டி. கெட்டி.

ஓரிடத்தில் தோல் அமுங்கியது.

நெல்லிக்காய் அளவு. கையை எடுத்துவிட்டான். எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து அவன் வேட்டியில் சிவப்பாக விழுந்தது. இன்னொரு சொட்டு. பிறகு சொட்டாக இல்லாமல் கம்பியாக வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. துண்டை வைத்து அழுத்தினான். துண்டு ஊறியது. சத்தம் மேலே நகர்ந்தது, காம்புப் பக்கமாக, தண்ணீர் இறங்க இறங்க மேலே, மேலே.

துண்டை எறிந்துவிட்டுக் கட்டைவிரலால் பள்ளத்தை அடைத்தான்.

விரல் உள்ளே போய்விட்டது.

தோல் நீரில் நனைந்த அப்பளம்போல வழிவிட்டது. விரல் முழுசாக, அடிக்கணு வரை, வெதுவெதுப்பான சதைக்குள். கசிவு நின்றது. அவன் அசையவில்லை. மூச்சுவிடவில்லை. இப்படியே இருந்தால் போதும். இப்படியே எட்டு வாரம் இருந்துவிடலாம். இருக்க முடியாதா என்ன.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல் எட்டிக் கூப்பிட்டது.

"தனம்கூட வந்தவங்க யாரு?"

அவன் காயின்மேல் இன்னும் குனிந்துகொண்டான். 

உள்ளே ஏதோ அவன் விரலைத் தொட்டது. வழவழவென்று, சின்னதாக. தடவியது. நகத்தைத் தடவியது. பிறகு ஒவ்வொன்றாக, நெல் மணி அகலத்தில், ஐந்து.

பிடித்துக்கொண்டன.

"தனம்கூட யாருப்பா வந்தது? மேல வாங்க. முடிஞ்சிடுச்சி."

விரலை எடுக்க முடியாது. எடுத்தால் தண்ணீர் இறங்கிவிடும். பக்கத்தில் இன்னோர் இடம் அமுங்கியது. இடது கை விரலால் அதை அடைத்தான். அதற்குக் கீழே இன்னொன்று. அதையும் அடைத்தான். தோல் முழுக்கக் கைக்குள் இளகி வந்துகொண்டிருந்தது. ஈக்கள் அவன் கண்ணோரத்தில் உட்கார்ந்தன. குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து பிடி இறுகியது.